டஃபியை யாரிடமும் கொடுக்கவில்லை

ஆண்டர்சன்பேட்டை
புதன்கிழமை

மதிப்புக்குரிய லவினா டீச்சருக்கு, உங்கள் வீட்டிலிருந்து குணசுந்தரி வணக்கத்துடன் எழுதுவது.

டஃபிக்கு நோய் எதுவும் இல்லை. நேற்று சாயங்காலம் கால்நடை டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு என்னிடம் நேரில் சொன்னார். ஆனாலும் அது சாப்பிடவில்லை. இன்று காலை கோழிச் சாறு கொஞ்சம் நக்கியது, அவ்வளவுதான். வயதான நாய், இப்படியே போனால் தாங்காது என்றும் டாக்டர் சொன்னார்.

போனில் சொல்லியிருப்பேன். எப்போது கூப்பிட்டாலும் கிளாரன்ஸ் தம்பிதான் எடுக்கிறார், மம்மி தூங்குகிறார்கள் என்கிறார். இடுப்பு ஆபரேஷன் ஆனவர்கள் தூங்கத்தான் வேண்டும். அதனால் கடிதமாக எழுதுகிறேன். பெங்களூருக்கு வேலைக்குப் போகும் என் மகன் விநாயக் இதை உங்கள் கையிலேயே கொடுப்பான்.

டஃபி ஏன் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர் வீட்டில் தங்கி நாய், பூனை பார்த்துக்கொள்ளும்போது எனக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அவர்கள் கட்டிலில் படுக்க மாட்டேன். பீரோவைத் தொட மாட்டேன். வந்த நாளில் இருந்ததைவிடச் சுத்தமாக வீட்டை விட்டுப் போவேன். இந்தக் கடைசிக் கட்டுப்பாடுதான் என்னைக் கவிழ்த்தது.

பிரம்பு நாற்காலியில் உங்கள் பழைய நைட்டி கிடந்தது. அவசரத்தில் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனவரின் துணியை எங்கள் வீட்டில் அழுக்காக வைத்திருக்க மாட்டோம். அவர் திரும்பும்போது துவைத்த துணி காத்திருக்க வேண்டும். வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, சொட்டு நீலமும் விட்டு உலர்த்தி மடித்து வைத்தேன். டஃபி அதை முகர்ந்து பார்த்துவிட்டு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்தது. அன்றிலிருந்து தட்டைத் தொடவில்லை. உங்கள் வாசனை இருக்கட்டும் என்று டஃபிக்காகத்தான் நைட்டியை விட்டுப் போனீர்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

பக்கத்து வீட்டுத் தாயம்மா, “இன்னா குணா, டீச்சரையே தொவைச்சிக் காயப் போட்டுட்டியே, அது யார் மொகத்த பாத்துத் துன்னும்?” என்கிறாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளாரன்ஸ் தம்பி வந்தார். உங்கள் பிள்ளை என்பதால் உள்ளே விட்டேன். “ஆன்ட்டி, மம்மி இனிமே எங்க கூடத்தான். எங்க அபார்ட்மெண்ட்ல நாய் அலவ்டு இல்ல. சனிக்கிழமை வண்டி கொண்ணாரேன். பங்காருப்பேட்டை பக்கம் ஒரு தோப்புல விட்டுர்லாம். நீங்களும் வீட்டுக்குப் போங்க” என்றார். டீச்சர் சொல்லட்டும் தம்பி என்றேன். நான்தான் சொல்கிறேனே என்றார். எனக்குச் சாவி கொடுத்தது டீச்சர், நீங்கள் இல்லையே தம்பி என்றேன். போகும்போது முன் அறையை டேப் வைத்து அளந்துகொண்டு போனார்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். நீங்கள் தலை வைத்துப் படுத்த தலையணை உறையைத் துவைக்காமல் ஒரு பையில் கட்டி விநாயக்கிடம் கொடுங்கள். டஃபி இந்த வீட்டில் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். அனுப்பச் சொன்னால் நானே மடியில் வைத்துக் கொண்டுபோய் விடுவேன். வேறு யார் சொல்லியும் அனுப்ப மாட்டேன். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. வரும்வரை இருக்கிறேன்.

விநாயக் வெள்ளிக்கிழமை உங்களைப் பார்த்துவிட்டு அன்று இரவு மாரிகுப்பம் ரயிலில் திரும்புவான். மறுநாள் காலை தம்பியின் வண்டி வரும். அதற்குள் உங்கள் வரி வராவிட்டால், தம்பிக்குக் காப்பி போட்டுக் கொடுப்பேன். நாயைக் கொடுக்க மாட்டேன்.

கர்த்தர் உங்களை எழுந்து நடக்க வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சாவியை வைத்திருக்கும்
குணசுந்தரி