கைபேசியும் பேசிய கைகளும்

என் உயிரான புஷ்பாக்காவுக்கு,

உன் ஸ்டெல்லா எழுதுகிறேன். எதை முதலில் சொல்வதென்றே தெரியாத அளவுக்குச் சேதி சேர்ந்துபோயிருக்கிறது. மூச்சு வாங்குகிறது எனக்கு. நீ முதலில் உட்கார். அங்கே உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? இல்லை, அங்கேயும் யாருக்காவது நின்றுகொண்டே ஓடிக்கொண்டிருக்கிறாயா?

அக்கா, எல்லாரும் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு இப்போது தெரிகிறது!

காது வந்துவிட்டதாக நினைக்காதே. ஆறு வயதுக் காய்ச்சலோடு போனது போனதுதான். அத்தான் ஒரு போன் வாங்கி வந்தார். அதில் ஓர் ஆப். எதிரில் இருப்பவர் பேசப் பேச, அது எழுத்தாகித் திரையில் ஓடுகிறது. தமிழில், அக்கா!

அத்தான் ஏன் வாங்கினார் தெரியுமா? உன் அடக்கத்தன்று ஃபாதர் உன்னைப் பற்றி நெடுநேரம் பேசினார். எல்லாரும் அழுதார்கள். நடுவில் ஓரிடத்தில் சிரிக்கவும் செய்தார்கள். நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை நீளப் பேச்சை உடனுக்குடன் எனக்குக் கையால் சொல்லக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தாள். அன்று நான் நின்ற நிலையை அத்தான் பார்த்திருக்கிறார். அது அவரை வெகுநாள் விடவில்லை.

போனை என் கையில் கொடுத்துவிட்டு அவர் பேசிய முதல் பேச்சு அப்படியே திரையில் வந்தது. "உங்கக்கா மாதிரி கையால சொல்ல எனக்கு வராதும்மா. இது சொல்லும்னு சொன்னாங்க. வருதா? தெரியுதா?"

தெரிந்தது, அத்தான் அழுததும் சேர்த்து. ஃபாதர் எதைச் சொல்லிச் சிரிக்கவைத்தார் என்பதைத்தான் உடனே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வித் தேர்வில் தூணுக்குப் பின்னால் நின்று நீ எனக்குக் கையாலேயே விடை சொன்னாயே, அதைச் சொன்னாராம். "காகிதமே இல்லாம பிட் அடிச்ச புள்ளைங்க இந்தப் பங்குலேயே இவங்க ரெண்டு பேருதான்" என்றாராம். நம்மைப் பிடித்துவிட்டும் பிடிக்காததுபோல இருந்திருக்கிறார் பார்!

அதற்குப் பிறகு நான் பட்ட ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன்? நம் அப்பா வாயே திறக்காத மனிதர் என்றுதானே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்? ஒருநாள் போன் அவர் பக்கத்தில் கிடந்தது. மோட்டாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். "வாடா ராசா, ஒரே ஒரு தடவ தண்ணிய ஏத்திடு, ஒனக்குப் புது பெல்ட்டு மாத்தறேன்." அம்மா மாதா படத்தின் முன்னால் ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஜெபம் பாதி, சண்டை பாதி. "நீயும் ஒரு தாயிதான? ஒனக்குத் தெரியாதா?" என்று மாதாவையே அதட்டுகிறாள்.

பிரஸ்ஸிலும் என் நிலைமை மாறிவிட்டது. முன்பெல்லாம் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன் குனிந்து கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருப்பேன். இப்போது முன் மேசைக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் யார் பெயர் மேலே வர வேண்டும் என்று என் எதிரிலேயே சண்டை போடுகிறார்கள். எழுத்தெழுத்தாகப் படித்து ரசிக்கிறேன். தஞ்சாவூரில் எனக்கு வாய்த்த பொழுதுபோக்கு வேறு யாருக்கும் கிடையாது. திருவிடைமருதூரில் கட்டிக்கொடுத்த, என்னைப்போலவே காது கேளாத பள்ளித்தோழி செல்வியை ஞாபகமிருக்கிறதா? அவளும் நானும் வீடியோவில் கை வலிக்கப் பேசுகிறோம்.

ஆப் தப்பும் செய்யும். பூசையில் ஃபாதர் "அயலாரிடம் அன்பாய் இருங்கள்" என்றார். "அயலாரிடம் வம்பாய் இருங்கள்" என்று வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்திலிருந்த ரீட்டா சித்தி நான் உருகி அழுகிறேன் என்று முதுகைத் தடவிவிட்டாள்.

சரி, ஒரு விஷயத்துக்கு வருகிறேன். உன் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

வல்லத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். போன் மடியில் இருந்தது. "மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்கா. காது செவிடு. இத யாரு கட்டுவா?" கறுப்பு எழுத்தில் அச்சடித்த மாதிரி வந்தது. எனக்குப் புரிய சற்று நேரமாயிற்று. எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா நாம் போயிருக்கிறோம்! எத்தனை பேர் என்னைப் பார்த்து இப்படிப் பேசியிருப்பார்கள்! நான் உன்னைப் பார்ப்பேன். நீ கண்ணே கலங்காமல், "உன் புடவை அழகா இருக்காம்" என்று கையைச் சுழற்றுவாய். எல்லா ஊர்ப் பெண்களுக்கும் என் புடவை மேல் ஏன் அவ்வளவு ஆசை என்று நான் யோசித்ததே இல்லையே, அக்கா. எத்தனை வருடம் அத்தனையையும் நீயே விழுங்கினாய்?

அழுகை வரவில்லை. எழுந்து போய், என் கரகரத்த குரலிலேயே சொன்னேன்: "நான் யாரையும் கட்டுறதா இல்லீங்க. நீங்க கவலப்படாம சாப்பிடுங்க." அந்த அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

இவ்வளவு சந்தோஷத்திலும் ஒன்று நழுவிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பிடிபடவில்லை. முன்பு அம்மா என்னிடம் பேச வேண்டுமானால் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும், ஈரக்கையைத் துடைக்க வேண்டும், என் முகத்துக்கு நேரே வர வேண்டும். இப்போது அடுப்பைப் பார்த்தபடியே பேசிவிடுகிறாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பேசுகிறார். அவர்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. நீ வீட்டுக்கே சொல்லிக்கொடுத்து வைத்திருந்த கைப்பேச்சை ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். நானும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. யார் வாய் அசைந்தாலும் குனிந்து திரையைப் பார்ப்பேன்.

கார்த்திகையில் புயல் வந்தது. ஓடுகள் பறந்தன, முருங்கை முறிந்தது. கதிர் வெளிவருகிற சம்பாப் பயிர் கழுத்துவரை தண்ணீரில் நின்றது. மறுநாள் காலை மழை விட்டதும் அப்பாவும் அத்தானும் வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட மண்வெட்டியோடு போய்விட்டார்கள். கரண்ட் விட்டுவிட்டு வந்தது. டவர் மட்டும் செத்துக் கிடந்தது. நெட் இல்லாமல் அந்த ஆப் வேலை செய்யாது.

இட்லித் தூக்கை எடுத்துக்கொண்டு நான் வாய்க்கால் கரையோடு போனேன். வழக்கம்போல ஒரு கையில் போன். தூரத்தில் இருவரும் தெரிந்தார்கள். என்னைப் பார்த்ததும் அப்பா வாயைத் திறந்து கத்தினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனைப் பார்த்தேன்! ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுத்து வரவில்லை. நிமிர்ந்தேன். அப்பா கையை மேலும் கீழும் வீசுகிறார். அத்தானும் வீசுகிறார். "வா, வா" என்று கூப்பிடுகிறார்கள் போல இருந்தது. யாருக்கோ அடிபட்டுவிட்டதோ என்று பதறி நடையை எட்டிப் போட்டேன். அவர்கள் இன்னும் வேகமாக வீசினார்கள். நான் இன்னும் வேகமாக நடந்தேன். கரையிலிருந்து வயலுக்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. முழங்காலளவு தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகினேன்.

அப்போது அப்பா சட்டென்று இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு வரப்புச் சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தார்.

என்னை எதுவோ பிடித்து இழுத்ததுபோல நானும் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். யோசித்து உட்காரவில்லை, அக்கா. சின்ன வயதில் பஸ் வருவது கேட்காமல் நான் ரோட்டில் ஓடுவேன் என்று நீ கண்டுபிடித்த கை அது. நீ தலைமேல் கைவைத்துக் குந்தினால், நான் எங்கே இருந்தாலும் அங்கேயே குந்த வேண்டும். அடித்து அடித்துப் பழக்கினாயே! என் முழங்காலுக்கு அது மறக்கவே இல்லை.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். நான் கால் வைக்கவிருந்த தண்ணீரில் கரண்ட் கம்பி அறுந்து விழுந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு கொக்கு செத்து மிதந்தது.

அவர்கள் "வராத, போ" என்றுதான் வீசியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வா என்பதற்கும் போ என்பதற்கும் நம் ஊர்க் கைவீச்சில் என்ன வித்தியாசம், சொல்! "கத்திக் கத்தித் தொண்டையே போச்சும்மா. ஒனக்குக் கேக்காதுங்கறதே அந்த நேரத்துல மறந்துபோச்சு" என்றார் அத்தான் பிறகு. போன் வந்ததிலிருந்து அது எல்லாருக்குமே மறந்துதான் போயிருந்தது.

அத்தான் மேட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு லைன்மேனைக் கூப்பிட ஓடினார். லைனை நிறுத்தும்வரை நானும் அப்பாவும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. நடுவில் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து அவர் கை மெல்ல எழுந்தது. தூக்கைக் காட்டி, என்ன என்று கேட்டது. நான் உள்ளங்கையைக் குவித்து இட்லி என்றேன். சட்னியா, சாம்பாரா? அம்மியில் அரைப்பதுபோல அரைத்துக் காட்டினேன். அப்பா முகத்தைச் சுளித்தார். சாம்பார் எங்கே என்றார். அம்மாவிடம் கேளுங்கள் என்றேன். அந்தத் தூரத்துக்கு எந்தக் குரலும் தெளிவாகப் போய்ச் சேராது, அக்கா. கை போனது! ஒரு வயல் அகலத்துக்குக் குறுக்கே நானும் அப்பாவும் சட்னிக்காகச் சண்டை போட்டோம். அழுதுகொண்டே சிரித்தேன். அவரும்தான்.

டவர் உயிர்பெறப் பல நாள் ஆயிற்று. அதுவரை வீட்டில் எல்லாரும் கையால்தான் பேசினோம். அம்மாவுக்குப் பாதி மறந்துபோயிருந்தது. உப்பு கேட்பதாக நினைத்து என்னைப் பேன் பார்க்கச் சொன்னாள். அத்தான் எதைக் கேட்டாலும் அது கோழி என்றே முடிந்தது. ஆனால் அம்மா மறுபடி அடுப்பை விட்டு என் எதிரே வந்து நின்றாள். அவளுக்குக் கண்ணின் கீழ் புதிதாக ஒரு கருமை விழுந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். எத்தனை நாளாக இருந்ததோ.

போனை நான் தூக்கி எறியவில்லை. எறியவும் மாட்டேன். அது இல்லாமல் நான் மறுபடி உள்ளறைக்குப் போவதா? நெட் திரும்பிய அன்று முதல் ஆளாகச் சார்ஜில் போட்டதே நான்தான். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போனை மாதா படத்தருகே வைத்துவிட்டுக் கூடத்தில் உட்காருகிறோம். நீ கற்றுக்கொடுத்த கைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கிறோம். ரீட்டா சித்திகூட வருகிறாள், வாயாலும் கையாலுமாக ஊர்க்கதை இருமடங்கு கிடைக்கிறது என்று.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். வாளைமீன் குழம்பு என்று கை சொன்னது. ரொம்பப் பிடிக்கும் என்றது. யாருக்கு என்று சொல்ல வந்தவள் கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. அப்பாவுக்கு மீசை முறுக்கு, அம்மாவுக்கு மூக்குத்தி, அத்தானுக்குக் கண்ணாடி, எனக்குக் கன்னக்குழி என்று எல்லாருக்கும் கையில் பெயர் வைத்தவள் நீ. உனக்கு மட்டும் வைக்கவே இல்லை. எதற்கு? நம் வீட்டில் கை பேசினால் அங்கே நீ எதிரிலேயே இருந்தாய். உன்னை அங்கே இல்லாதவளாக யாரும் சொல்ல வேண்டியே வந்ததில்லை.

அம்மா தலையில் பூ வைப்பதுபோலக் காட்டி, புஷ்பம் என்றாள். அத்தான் வளையல் ஏற்றிவிடுவதுபோலச் செய்து பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பா யாரையும் பார்க்கவில்லை. இரண்டு விரலால் தன் தோளை மெல்ல இருமுறை தட்டிக்கொண்டார்.

என்னிடம் எதைச் சொல்வதற்கு முன்னும் நீ என் தோளைத் தட்டுவாயே, அது. நானே கவனித்ததில்லை, அவர் கவனித்திருக்கிறார். ஒவ்வொருவராக எல்லாரும் தட்டிக்கொண்டோம். அதுதான் இப்போது உன் பெயர், அக்கா.

அறுப்பு தொடங்கிவிட்டது. தண்ணீரில் சாய்ந்தது போக மிச்சம் நன்றாகவே விளைந்திருக்கிறது. புது அரிசியில் பொங்கிவிட்டு, எல்லாருமாக உன் கல்லறைக்கு வருகிறோம். யாரும் வாய் திறக்க மாட்டோம். நீ எங்கள் தோள்களைப் பார்த்துக்கொண்டிரு. டவர் இருக்கிற நாளிலும் இல்லாத நாளிலும் இந்த வீட்டில் உன் பெயர் சொல்லப்படும். அதற்கு நான் பொறுப்பு.

உன் கைவழியே உலகத்தைக் கேட்டு வளர்ந்த தங்கை,
ஸ்டெல்லா