விழுந்தால்தான் கொத்தனார்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நலம். நல்லேப்பிள்ளியில் நீங்களும் அம்மாவும் சுகம்தானே? பீர்மேட்டு மழையில் டவர் போய்விட்டது, அதனால்தான் கடிதம்.

எஸ்டேட் ஆபீசில் எனக்கு மண்டை காய்கிறது. தேயிலை பறிக்கும் ராமுத்தாய் அக்கா இருக்கும் லயத்து (தொழிலாளர் வரிசை) வீட்டுச் சுவர் மழைக்கு மழை சாய்ந்துகொண்டே வருகிறது. 'டிட்டீரியரேட்டிங்' என்று ரிப்போர்ட் எழுதினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது என்று அர்த்தம். அதெல்லாம் அடுத்த வருஷம்தான் என்று மேலாபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'கொலாப்ஸ்', அதாவது ஒரேயடியாக இடிந்தது என்று எழுதினால்தான் உடனே கொத்தனார் வருவாராம். நிற்கிற சுவரை இடிந்ததென்று எப்படி எழுதுவது?

அக்காவிடம் சொன்னேன். "அப்ப நாங்க உள்ள இருக்கையில விழணுமா, வெளிய இருக்கையில விழணுமா? அதையும் எழுதிக் கேளுங்க சார்" என்றார்.

நீங்கள் பயப்படாதீர்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் என் அறை. கட்டிலைத் தள்ளிப் போட்டுவிட்டேன். ஒரு கம்பளியும் அம்மா அரைத்த பருப்புப்பொடியும் தபாலில் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட எதுவும் இறங்கவில்லை.

போன வாரம் போனில், "கொஞ்சம் தளர்ச்சியாத்தான் இருக்குது கண்ணு, வேறொண்ணுமில்ல" என்றீர்களே. தபால் ஜீப் கிளம்புகிறது, ஒன்றே ஒன்று: விழும்வரை காத்திருக்காமல் நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் மகன்,
நவநீதன்