பாதி வயலுக்கு மட்டும் உரம்

என் வாயாடி மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்குத்தான் நடக்கிறது. நீயும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். இதை உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், அடுப்பை அணைத்துவிட்டு எழுதுகிறேன். நம் மக்காச்சோளம் பச்சைப் பசேலென்று நிற்கிறதடி.

போன வருஷம் எவ்வளவு உரம் போட்டும் இலையெல்லாம் ஊதாவாகி இடுப்புயரம்கூட வளரவில்லையே, அதில் மனசு வெறுத்து அப்பா வயல் மண்ணைச் செங்கல் சூளைக்காரருக்குக் கொடுப்பதாக வாய்வார்த்தை சொல்லிவிட்டார். நான் விடவில்லை, ஒரு பை மண்ணோடு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த மேடம், உங்க மண்ணுல மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், நிறையவே கிடக்கும்மா, செம்மண்ணுல இருக்கிற இரும்பு அதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வேருக்கு விடமாட்டேங்குது என்றார். பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் உன் அத்தைதான் எனக்கு ஞாபகம் வந்தாள். மக்கிய தொழு உரத்தில் பாஸ்போபாக்டீரியாவைக் கலந்து போட்டால், அந்த நுண்ணுயிர்கள் புளிப்பாக எதையோ சுரந்து பிடியைத் தளர்த்திவிடுமாம். அதைக் கறுப்புப் பொடியாகப் பாக்கெட்டில் கொடுத்தார். குளியலறை ஜன்னலில் வைத்தேன், உன் அப்பா பல்பொடி என்று நினைத்து அதில் பல் விளக்கிவிட்டார், ருசி சுமார் என்று குறை வேறு.

வித்தியாசம் தெரிய வேண்டும், பாதி வயலுக்கு மட்டும் போடுங்கள், மறுபாதியைத் தொடவே கூடாது என்று மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நேற்று அளவெடுக்க வந்த மேடம் வயலைச் சுற்றிச் சுற்றி வருகிறார், ஊதா இலை ஒன்றுகூட இல்லை. அப்பா வானத்தைப் பார்த்தபடி நின்றார். நான் பல் வைத்தியரிடம் போயிருந்த நாளில் மிச்சப் பாதிக்கும் போட்டுவிட்டாராம். ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டுட்டு இன்னொண்ணைப் பட்டினி போடச் சொல்றீங்களே, எனக்கு மனசு கேக்கலை என்றார். என் ஆராய்ச்சியே போச்சுங்கய்யா என்று மேடம் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார், எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

அந்த நேரம் பார்த்துச் சூளைக்காரர் வந்து எப்போது மண் வெட்டலாம் என்று கேட்டார். அப்பா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் மூக்கருகே நீட்டி, இப்பதாங்க இதுக்கு உயிர் வந்திருக்கு, அதைப் போய் நெருப்புல வைக்கச் சொல்றீங்களா என்றார். சொன்ன வார்த்தையை ஒருநாளும் மாற்றாத மனுஷன். நேற்று மாற்றிவிட்டார்.

மகராசியாக இரு. வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் மறக்காமல் பேசு, அவராகக் கூப்பிட மாட்டார், போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா