பெயர் உரித்த பாத்திரம்

ஹால்வர் லேக், மினசோட்டா
டிசம்பர் 11, வியாழன்

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. என் வீட்டுக்காரர் ரோல்ஃப் தினமும் ஏரிக்குப் போய்த் துளை போட்டு, பனிக்கட்டி எத்தனை அங்குலம் என்று அளந்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார். நான் கேட்பதே இல்லை.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் என்றால் நாம் இரண்டு பேரும் வானிலையைப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

என் மேல் புகார் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கும் இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நன்றித் திருநாளுக்கு முன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நூலகத்தில் வான்கோழி விருந்து வைப்போமே, அதற்காக இருபத்தாறு வருஷமாகக் காகிதத் தொப்பியும் காகித இறகுக் கிரீடமும் வெட்டியவள் நான். இந்த அக்டோபரில் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இறகுக் கிரீடம் பூர்வகுடி மக்களுக்கு மரியாதைக்குரியது, விளையாட்டுச் சாமான் இல்லை, இனிமேல் வேண்டாம் என்று. அன்றைக்கே எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். நான் புரட்சிக்காரி ஒன்றும் இல்லை. கடிதம் வந்தது, எடுத்தேன். அவ்வளவுதான்.

அதற்கே பாதி ஊர் முறைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு டுவெய்ன் பெட்ரோல் பங்கில் எல்லோர் முன்னாலும், "என்ன மார்கிட், கடைசியில உங்களையும் வளைச்சுப் போட்டுட்டாங்களா? நம்ம பிள்ளைங்க ஒரு இறகு வைக்கக்கூட இனி வாஷிங்டனைக் கேக்கணுமா?" என்றார். டிவியில் கத்துகிற சண்டையெல்லாம் இப்படித்தான் நம் ஊர் பெட்ரோல் பங்குக்கும் மளிகைக் கடைக்கும் வந்து சேர்ந்தது. டுவெய்ன் முற்றத்தில் அரசியல் பலகைகள் எத்தனை என்று உனக்கே தெரியும். எதிர்வீட்டில் அதற்குப் போட்டியாக வானவில் நிறத்தில் ஒரு பலகை. நடுவில் எங்கள் முற்றத்தில் மட்டும் வெறும் பனி. பலகை வைக்காதவளை இரண்டு பக்கமும் நம்புவதில்லை.

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா என்றால், இல்லை. ஆசிரியர் அறையில் காபி குடிக்கும்போது, "இன்னிக்கு இறகை எடுக்கச் சொல்றாங்க, நாளைக்கு வான்கோழிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்வாங்க பாருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் எனக்கு ருசி கண்டுவிட்டது. தபால் ஆபீஸில் ஒரு தடவை சொன்னேன், ரோல்ஃபிடம் இரண்டு தடவை சொன்னேன்.

நவம்பர் 24ஆம் தேதி தலைமையாசிரியர் லயல் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவைச் சாத்த முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பள்ளியின் இணையப் படிவத்தில் பெயர் போடாமல் ஒருவர் புகார் எழுதியிருக்கிறார், பூர்வகுடிப் பிள்ளைகளை நூலகர் கேலி பேசினார் என்று. "தப்பா எடுத்துக்காதீங்க மார்கிட், இது வெறும் நடைமுறைதான். நான் ஒன்னும் சொல்லல" என்று மூன்று முறை சொன்னார். விசாரணை வருகிற செவ்வாய்க்கிழமை, பள்ளி வாரியத்தின் முன்னால், உடற்பயிற்சிக் கூடத்தில். யார் வேண்டுமானாலும் எழுந்து ஆளுக்கு மூன்று நிமிஷம் என்னைப் பற்றிப் பேசலாம். வாரியம் கை தூக்கினால் என் வேலை போய்விடும்.

அன்றிலிருந்து நான் மனுஷியாக இல்லை. யாரைப் பார்த்தாலும் இவரா இருக்குமோ என்றுதான் தோன்றியது. முதலில் மாணவர் ஆலோசகராகப் புதிதாக வந்திருக்கிற மெக்கென்னா. அந்தப் பெண் அளவுக்கு மீறிச் சிரிக்கும், கையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. நான் பேசுவதைத்தான் குறிக்கிறாள் என்று மூன்று நாள் உறுதியாக நம்பினேன். அவள் எழுந்து போன நேரம் பார்த்து நோட்டைத் திறந்தும் பார்த்தேன். பால், முட்டை, பூனைக்குச் சாப்பாடு என்று எழுதியிருந்தது. அறுபத்தொரு வயசில் அடுத்தவர் நோட்டைத் திறந்து பார்க்கிறவளாக ஆகிவிட்டேன். அப்புறம் தபால் ஆபீஸ்காரர் மேல் சந்தேகம். ஒரு சாயங்காலம் ரோல்ஃப் மேலேயே வந்தது. அவருக்குத் தன் கடவுச்சொல்லே ஞாபகம் இருக்காது, அவர் எங்கே படிவம் நிரப்பப் போகிறார்.

மளிகைக் கடையில் என்னைக் கண்டால் வண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்புகிறார்கள். தேவாலயத்தில் நம் பெஞ்சில் நானும் ரோல்ஃபும் மட்டும்தான். இதில் பெரிய கூத்து டுவெய்ன். பெட்ரோல் பங்கில் என்னைக் கிண்டல் பண்ணின அதே மனுஷன், புகார் விஷயம் வெளியே வந்ததும் வாசலில் வந்து நின்று, "நீங்க எதுக்கும் பயப்படாதீங்க, உங்க பின்னாடி நாங்க இருக்கோம்" என்றார். மறுநாள் அவர் முற்றத்தில் புதுப் பலகை, என் பெயர் கொட்டை எழுத்தில். செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த ஊரிலிருந்து கேமராவோடு ஒருவரையும் வரவழைக்கிறாராம். "யார் எழுதினதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அந்தப் பேரை ஊர் பூரா ஒட்டிடறேன்" என்றார். புகார் வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

லயலும் ஏறக்குறைய அதையே சொன்னார், அவர் பாணியில். "யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. தனிப்பட்ட மனஸ்தாபம்னு தள்ளுபடி பண்ண வழி இருக்கு. பேரு இல்லாதவரைக்கும் என் கை கட்டிப் போட்ட மாதிரி" என்றார். ஆக, ஒரு பெயர் கிடைத்தால் என் வேலை தப்பும்.

டிசம்பர் 3ஆம் தேதி காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன். வாசல்படியில் மூடி போட்ட பாத்திரத்தில் ஒரு ஹாட்டிஷ். இறைச்சி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள். இன்னும் சூடு ஆறவில்லை. பனியில் கார் வந்து போன தடம் இருந்தது. இந்த ஊரில் யாராவது செத்தால் வரும், ஆபரேஷன் ஆனால் வரும். எனக்கு இரண்டும் ஆகவில்லையே என்று தூக்கிப் பார்த்தேன். அடியில் பெயர் இல்லை.

நீயும் நானும் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். பெயர் இல்லாத பாத்திரத்தை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? கல்யாணமான முதல் வாரமே டேப்பை ஒட்டிப் பெயரை எழுதுகிறோம், இல்லாவிட்டால் தேவாலய அடித்தளத்து விருந்துகளில் பாத்திரம் காணாமல் போய்விடும். இதிலும் டேப் இருந்திருக்கிறது. வருஷக்கணக்காக ஒட்டியிருந்த இடம் பசையோடு நீள்சதுரமாகத் தெரிந்தது. யாரோ நகத்தால் சுரண்டி உரித்திருக்கிறார்கள். எனக்குச் சாப்பாடு கொடுக்கவும் மனசு இருக்கிறது, கொடுத்தது தெரியக்கூடாது என்றும் இருக்கிறது. விஷம் வைத்திருப்பார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ரோல்ஃப் அதற்குள் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டார்.

அதே நாள்தான் நீ அரிசோனா கிளம்பிப் போனது. நவம்பர் முதல் வாரமே போகிறவள் இந்த வருஷம் ஒரு மாசம் தள்ளிப் போட்டாய். போகும்போது காபிக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மூட்டை கட்டுகிற அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

லயல் கொடுத்த புகார் நகலை நான் ஒழுங்காகப் படித்தது அதற்கப்புறம்தான். அதுவரை வான்கோழியைத் தாண்டி என் கண் போகவே இல்லை. அதற்கு அடுத்த வரியில், நூலகர் இப்படியும் சொன்னார் என்று இன்னொன்று இருந்தது: "அழறதுக்குன்னே ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு." ஆர்டிஸ், அந்த வாக்கியத்தை நான் ஆசிரியர் அறையில் சொல்லவில்லை. தபால் ஆபீஸில் சொல்லவில்லை. ரோல்ஃபிடமும் சொல்லவில்லை. தேவாலயத்து மீன் விருந்து முடிந்து உன் காரில் வரும்போது, ஒரே ஒரு தடவை சொன்னேன். நீ சாலையைப் பார்த்தபடியே, ஏரிப் பாலத்தில் வழுக்கும், மெதுவாகப் போகணும் என்றாய். நம் ஊரில் ஒருத்தி பேச்சை மாற்றிச் சாலையைப் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

இருந்தும் நம்ப மனசு வரவில்லை. நீ யாரிடமாவது சொல்லியிருப்பாய், அவர்கள் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாத்திரத்தைக் கழுவினேன். கண்ணாடி மூடியின் பிடிக்கு உள்பக்கம் ஒரு துண்டு டேப், எழுத்து பாதி அழிந்து. மார்கிட் என்று இருந்தது. என் கையெழுத்து. ஆறு வருஷத்துக்கு முன்னால் உன் கணவர் வெர்னனின் அடக்கம் முடிந்து நடந்த சாப்பாட்டில் காணாமல் போன மூடி. அதற்காக நான் தேவாலயத்துப் பெண்கள் அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தேனே, நீதானே சமாதானம் பண்ணினாய். அது உன் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அடியிலிருந்த உன் பெயரைச் சுரண்டி எடுத்தவள், மூடியில் என் பெயர் இருப்பதைப் பார்க்கவில்லை. சிங்க் முன்னால் நின்று முதலில் சிரித்தேன், அப்புறம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

ரொம்பக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். ஒரு கையால் புகார் எழுதிவிட்டு மறு கையால் சோறு கொண்டுவந்து வைப்பாளா ஒருத்தி என்று ரோல்ஃப் இல்லாத நேரத்தில் கத்தினேன். அந்த மூடியை லயலின் மேஜையில் வைத்து உன் பெயரைச் சொன்னால் போதும், நான் தப்பித்துவிடுவேன். பையில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை பள்ளிக்கும் போனேன்.

நூலகத்தில் கோட்டைக் கழற்றி மாட்டும்போது போன வருஷ விருந்தின் படம் கண்ணில் பட்டது, நானே எடுத்து நானே சுவரில் மாட்டியது. பதினெட்டுப் பிள்ளைகள், எல்லோர் தலையிலும் இறகு. உன் பேத்தி ஸ்கைலா கடைசியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலையில் ஒன்றும் இல்லை. கிரீடத்தை நாலாக மடித்து மடியில் வைத்து, மேலே கையைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா ஓஜிப்வே பூர்வகுடிப் பெண் என்று எனக்குத் தெரியும். உன் மகன் கல்யாணத்துக்குக் கேக் செய்தவளே நான்தான். கேமராவில் பார்த்தேன், பொத்தானை அழுத்தினேன், ஒரு வருஷம் தினமும் அந்தச் சுவரைக் கடந்து போனேன். பார்க்கவில்லை. கிரீடத்தை நிறுத்தச் சொல்லி மாவட்டத்துக்கு எழுதியது உன் மருமகளாக இருக்கலாம், நீயாகவும் இருக்கலாம். அழுவதற்கென்றே கிளம்பிய கூட்டம் என்று நான் சொன்னது உன் வீட்டுப் பிள்ளையை. உன் காரில், உன் பக்கத்தில் உட்கார்ந்து.

ஸ்கைலா புதன்கிழமைதோறும் குதிரைப் புத்தகம் எடுக்க வருவாள். நேற்றும் வந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரே பக்கத்தில் இரண்டு முத்திரை குத்திக் கொடுத்தேன். "ரெண்டு வாட்டி குத்திட்டீங்க" என்றாள். ஆமாம், தப்பு பண்ணிட்டேன் என்றேன். அவளிடம் முழுசாகச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் எழுந்து, இரண்டு வாக்கியத்தையும் நான்தான் சொன்னேன் என்று சொல்லப் போகிறேன். "நிரூபிக்க முடியாததை எதுக்குடி ஒத்துக்கணும்?" என்று ரோல்ஃப் கேட்கிறார். டுவெய்ன் பலகையைப் பிடுங்கிவிடுவார், பிடுங்கட்டும். எதிர்வீட்டுக்காரர்களுக்கு என் மன்னிப்பு போதாது. யாரிடம் சொன்னாய் என்று வாரியம் கேட்கும். ஒரு சிநேகிதியிடம் என்பேன். எந்தச் சிநேகிதி என்றால், அன்றைக்குச் சாலை ரொம்ப வழுக்கியது என்பேன். மூடி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. உன் பெயர் என் வாயிலிருந்து வராது, அதற்கு நீ பயப்பட வேண்டாம்.

ஆனால் நீ செய்ததும் சரியில்லை, ஆர்டிஸ். எனக்கு வலிக்கிறது. காரை ஓரமாக நிறுத்தி, "மார்கிட், வாயை மூடு, அது என் பேத்தி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன், மறுநாள் பிழைத்து உன் வீட்டுக்கு வந்திருப்பேன். பெயரில்லாத படிவத்துக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

பாத்திரத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன். பசையைச் சுரண்டிவிட்டு அடியில் புது டேப் ஒட்டி, கறுப்பு மையில் பெரிதாக ஆர்டிஸ் என்று எழுதினேன். மூடியில் இருக்கிற என் பெயரை எடுக்கவில்லை. ஏப்ரலில் நீ திரும்பி வரும்போது எனக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, வீட்டில்தான் இருப்பேன். முன்வாசல் வழியாக வா. முதலில் என்னைத் திட்டு, அப்புறம் காபி குடி, அப்புறம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போ. மூடியையும் சேர்த்தே எடுத்துக்கொள்.

கடவுள் உன்னையும் அந்தக் குழந்தையையும் நன்றாக வைத்திருக்கட்டும்.

உனக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
மார்கிட்