ரோஜாவை மடக்க இரண்டு பேர்

என் பிடிவாதக்கார மகளே,

யூரல் மலைக் குளிரைத் தாங்காத கொடிரோஜாதான் வேண்டுமென்று நட்டுவிட்டு, அப்பாவோடு சண்டை போட்டுப் போய்விட்டாய். உறைபனி நெருங்கிவிட்டது. கொடியைத் தரையோடு மடக்கிக் கிடத்தி, தேவதாருக் கிளைகளால் மூட வேண்டும். அப்பா படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. அவரைப் புரட்டவே எனக்குத் தெம்பில்லை. நேற்று கொடியைத் தனியாக மடக்கினேன். ஒரு தண்டு முறிந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்து க்ளாவா கத்தினாள்: "ஒருத்தி பிடிக்கணும், ஒருத்தி கட்டணும்டி! உன் பொண்ணைக் கூப்பிடேன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

அப்பாவும் தினமும் கேட்கிறார்: "அவளோட ரோஜாவை மூடியாச்சா?" உன் பெயரை மட்டும் சொல்வதில்லை.

மண் இறுகுவதற்குள் வா. ரோஜாவுக்காகவாவது வா. வசந்தத்தில் கிளைகளை எடுத்துவிட ஒரு ஆள் போதும். அப்போது இந்த வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அம்மா