கம்பியின் உயரம்

மார்ச் 4, செவ்வாய்

தம்பி தன் மகன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. பேத்தியோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் கிளம்பினான். இன்று கடையிலிருந்து வந்து, பூட்டைத் திறந்து, "நான்தான்" என்று குரல் கொடுத்தேன். யாருக்குக் கொடுத்தேன்?

மார்ச் 7, வெள்ளி

அவன் அறையைப் பெருக்கும்போது பீரோவுக்குப் பின்னால் கிட்டார் கிடைத்தது. கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. மனைவி இறந்துபோன பிறகு இங்கே வந்தபோதும் அதை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டுதான் வந்தான். முன்பெல்லாம் சாயங்காலமானால் டொய்ங் டொய்ங் என்று ஆரம்பித்துவிடுவான். தலை வலிக்கிறது என்று நான் கத்துவேன். இரண்டு வருடமாகச் சத்தமே இல்லை. அலுத்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மடியில் வைத்து ஒரு கம்பியை அழுத்திப் பார்த்தேன். அம்மாடி! கம்பி எங்கேயோ இருக்கிறது, கட்டை எங்கேயோ இருக்கிறது. விரலில் கோடு விழுந்ததுதான் மிச்சம். சத்தம் வரவில்லை.

இதைச் சரி செய்தால் என்ன? வாசிக்கத் தெரியாது, போகட்டும். வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டுமே.

மார்ச் 9, ஞாயிறு

இசைக்கருவிக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"பழைய கிட்டார்னா அப்படித்தாம்மா. வயசாக ஆக கம்பி தூக்கிக்கும்."

நமக்கெல்லாம் வயதானால் தொங்குகிறது, இதற்கு மட்டும் தூக்குகிறதா என்று கேட்டேன். மனிதர் சிரிக்கவில்லை. "கழுத்து நேரா இருக்கான்னு மொதல்ல பாருங்க. நேரா இருந்தா, கீழ்ப்பக்கம் கம்பியெல்லாம் ஏறி உக்காந்திருக்கே ஒரு எலும்புத் துண்டு, அதைக் கழட்டி அடிப்பக்கம் தேயுங்க. கொஞ்சம் தேச்சு, மாட்டிப் பாத்து, திரும்பத் தேயுங்க. அவசரப்பட்டா போச்சு."

தேய்ப்பது எனக்குப் புதிதா? நாள் பூராவும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குள் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துகிறவள்.

மார்ச் 13, வியாழன்

ஒற்றைக் கண்ணை மூடி, கண்ணாடிக் காம்பைப் பார்ப்பதுபோலக் கழுத்தைப் பார்த்தேன். நேராகத்தான் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கம்பிகளைத் தளர்த்தி, குறடால் எலும்புத் துண்டைப் பிடுங்கினேன். அதற்கு அடியில் சீவிய மரச்சில்லு ஒன்று. கழுத்தின் மேல்முனையிலும் கம்பிகளுக்குக் கீழே அதேபோல ஒன்று. எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ! இரண்டையும் குப்பையில் போட்டேன். உப்புத்தாளைக் கண்ணாடிமேல் பரப்பி எலும்பைத் தேய்த்தேன். மாட்டினேன், கழற்றினேன், தேய்த்தேன். ஒரு தடவை கூடுதலாகத் தேய்த்துவிட்டேன், தடித்த கம்பி வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. அடியில் காகிதத் துண்டு ஒன்றைச் செருகியதும் அடங்கியது.

கைபேசியில் பார்த்து சுருதி சேர்த்தேன். படத்தில் இருந்தபடி மூன்று விரலை வைத்து மீட்டினேன். மணி மாதிரி கேட்டது. அறை முழுக்க.

சொல்ல ஆளில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்று அவனைக் கூப்பிட்டேன். "கண்ணை மூடிக்கிட்டு கேளு" என்று சொல்லிவிட்டு மீட்டிக் காட்டினேன்.

"கேட்டியாடா?"

"கேட்டேன்... கம்பிய இறக்கிட்டியாக்கா?"

"ஆமா. எந்த மடையனோ அடியில குச்சிய சொருகி வச்சிருக்கான்."

"அந்த மடையன் நான்தான்."

இடது கை விரல்கள் மடங்குவதில்லையாம். இரண்டு வருடமாக. அதனால் கிட்டாரை மடியில் மல்லாத்திப் போட்டு, சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கம்பிமேல் வழுக்கி வழுக்கி வாசித்திருக்கிறான். குப்பி கட்டையில் இடிக்காமல் இருக்கத்தான் அந்த உயரம். நான் கடைக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு.

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுட்டு எனக்கு சோறூட்ட உக்காந்துடுவ. உன்னைத் தெரியாதா எனக்கு?"

பேத்திக்காகப் போகவில்லை. அங்கே நரம்பு வைத்தியரிடம் காட்டத்தான் போயிருக்கிறான்.

மார்ச் 18, செவ்வாய்

ஊர்ல இருக்கறவங்க கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறேன். என் கண்ணு எங்க போச்சு? பொத்தான் வச்ச சட்டையே போடமாட்டேன்னு பனியன் பனியனா வாங்கினானே — இளமை திரும்புதோன்னு கிண்டல்தானே பண்ணினேன். ஒரே வீடு. ஒரே சுவரு. அந்தப் பக்கம் அவன் தனியா, இந்தப் பக்கம் நான் தனியா.

கடையில் ஒருவருக்கு வலது கண்ணாடியை இடதில் பொருத்திவிட்டேன்.

மார்ச் 22, சனி

அந்த மரச்சில்லுகளோடு குப்பை வண்டி அன்றைக்கே போய்விட்டது.

"உசரமா புதுசு ஒண்ணு செஞ்சு மாட்டிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. இப்ப குப்பியும் கையில நிக்கல." அவனே தொடர்ந்தான், "வைத்தியர் பெருசா நம்பிக்கை தரல. இங்கயே இருந்துடுன்னு பையன் சொல்றான். நீ வாசி. சும்மா கிடக்கறதுக்கு."

"சரி" என்றேன்.

மார்ச் 29, சனி

கிட்டாரை உறையில் போட்டு வைத்ததுதான், திறக்கவில்லை. முதலாளியிடம் விடுப்புக் கேட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒரு பகல் முழுக்க ரயில். கிட்டாருக்கும் சேர்த்து இடம் பிடிக்கிறேன் என்று பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

தம்பி இளைத்திருக்கிறான். இடது கை மடியில் சும்மா கிடக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கிட்டாரை எடுத்து அவன் மடியில் வைத்தேன். வலது கையை அதன்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாசிக்கவில்லை. பேத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவனுக்கு இடது பக்கம் நெருங்கி உட்கார்ந்தேன். கழுத்து என் முன்னால்தான் நீட்டிக்கொண்டிருந்தது. தெரிந்த அந்த மூன்று விரலை வைத்து அழுத்தினேன்.

"ம். மீட்டு" என்றேன்.

ஒரு மாதிரி பார்த்தான். அப்புறம் மீட்டினான். நான் மீட்டும்போது இப்படி வந்ததே இல்லை.

"நடுவிரலை மேல் கம்பிக்குக் கொண்டு போ. அது இல்ல, அதுக்கும் மேல. மோதிர விரலை எடுத்துடாத."

தடுமாறினேன். அவன் கை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தது.

"மாத்து" என்றான்.

மாற்றினேன்.