இடது கைக்கு வந்த எண்கள்

இன்று மதியம் என் கணினியிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. அதன் அர்த்தம் உனக்குத் தெரியும். ஷார்ட்கட்டுகள் விழித்துக்கொண்டன, இனி எண்களை இடது கையாலேயே அடிக்கலாம். அலுவலகத்தில் புது மென்பொருள் போட்டதிலிருந்து நாம் எழுதிய குட்டி நிரல், அந்த ஸ்கிரிப்ட், ஊமையாகக் கிடந்தது. மறுபடி சத்தம் கேட்டதும் என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். பக்கத்து மேசைகளில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இதை உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

கன்டெய்னர் எண், சீல் எண், எடை என்று நாள் முழுக்கக் கணினியில் ஏற்றுவதுதான் நம் இருவருக்கும் வேலை. நீ வேம்பாரிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் ஏரலிலிருந்து. கீபோர்டின் வலது ஓரத்து எண் கட்டத்தில் உன் விரல்கள் ஓடுகிற வேகத்துக்கு என்னால் எண்களை வாசித்துக் கொடுக்கக்கூட முடியாது. “வாசிளா, தூங்குதியா?” என்று விரட்டுவாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்பளத்துச் சாலையில் உன் ஸ்கூட்டி சறுக்கியது. வலது தோளில் நரம்பு அறுந்து, கை தொங்கிப்போயிற்று. மாதங்கள் கழித்து நீ வேலைக்குத் திரும்பிய அன்று, முதலாளி அண்ணாச்சி நல்ல மனதோடுதான் சொன்னார்.

“ரிசப்ஷன்ல இருந்து போன் எடுத்தாப் போதும்மா. சம்பளம் கொறையாது.”

“போன் எடுக்க வேற ஆள் பாருங்க அண்ணாச்சி. எனக்கு என் சீட்டு வேணும்.”

“ஒத்தக் கையால எப்படிம்மா? துறைமுக கேட்டு மூடுததுக்குள்ள ஏத்தலன்னா பெட்டி கப்பலுக்குப் போவாதுல்லா?”

“அடுத்த கப்பலுக்கு நானே ஏத்துதேன். முடியலன்னா அன்னிக்கே போனக் கையில தாங்க.”

அவரிடம் சவால் விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாய். “ஏளா, நீதான ஸ்கிரிப்ட் எழுதுவ? அந்த நம்பர் கட்டத்தத் தூக்கி இந்தப் பக்கம் வையி.”

அதுவரை நான் எழுதியதெல்லாம் ஒரே பதிலைப் பலருக்கு அனுப்புகிற மாதிரி சில்லறை ஸ்கிரிப்டுகள். ஆனாலும் நீ கேட்ட விதத்தில் எனக்கும் வெறி பிடித்துவிட்டது. கேப்ஸ் லாக்கை ஒருமுறை அழுத்தினால் இடப்பக்கத்து எழுத்துகள் எண்களாகிவிடும். Q, W, E மூன்றும் ஏழு, எட்டு, ஒன்பது. அதற்குக் கீழ் வரிசை நாலு, அஞ்சு, ஆறு. அதற்கும் கீழே ஒன்று, இரண்டு, மூன்று. நீ பழகிய அதே கட்டம், கைதான் வேறு. பூஜ்யத்தை நான் டேப் கீயில் வைத்திருந்தேன். இரண்டு வரி அடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாய். “சுண்டு விரல் எட்டல. பெருவிரல் சும்மாதான கெடக்கு, அதுக்கு ஒரு வேலை குடு.” பூஜ்யம் ஸ்பேஸ் பாருக்கு வந்தது. எனக்கும் புரிய வேண்டும் என்று துப்பட்டாவால் என் வலது கையை நாற்காலியோடு கட்டிக்கொண்டு நானும் அடித்துப் பழகினேன்.

கொழும்பு ஏஜென்ட்டுக்கு நீ அனுப்பிய மெயில் நினைவிருக்கிறதா? கேப்ஸை அணைக்க மறந்து, திரையையும் பார்க்காமல், “Dear sir” என்று அடித்தாய். போனதோ “694r05ir”. அந்த மனிதர் போன் போட்டு, இந்த எண்ணில் தங்களிடம் கன்டெய்னர் எதுவும் இல்லையே என்று கவலையோடு கேட்டார். சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் வந்துவிட்டது. அன்றைக்கே மாற்றி எழுதினேன். எண் ஏற்றுகிற ஜன்னல் திரையில் முன்னால் இருந்தால் மட்டும் எண்கள். வேறு எந்த ஜன்னலுக்குப் போனாலும் பழைய எழுத்துகள். எண்கள் திரும்ப உயிர்பெற்றால் ஒரு ‘டிக்’.

கப்பல் வந்த நாளில் அண்ணாச்சி உன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எண்களை வாசித்தேன். நீ அடித்தாய். பாதி வேலையில் ஏதோ ஒரு அறிவிப்பு ஜன்னல் குதித்து முன்னால் வந்தது. எண் போய் எழுத்து விழுந்தது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நீ பதறவேயில்லை. ஆல்ட்டும் டேப்பும் இடப்பக்கம்தானே இருக்கின்றன? இரண்டையும் சேர்த்துத் தட்டினாய். பழைய ஜன்னல் வந்தது, ‘டிக்’ கேட்டது. “மேல வாசிளா” என்றாய்.

கேட் மூட இன்னும் நேரம் இருக்கையிலேயே கடைசிப் பெட்டியின் எண்ணும் ஏறிவிட்டது. அண்ணாச்சி எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்போ ரிசப்ஷனுக்கு வேற ஆள்தான் பாக்கணும் போல.”

நீ சிரித்த சிரிப்பு மாடிப்படி வரை கேட்டது. கடைக்கு ஆள் அனுப்பி மக்ரூன் இனிப்பு வாங்கி, அலுவலகம் முழுக்க நீயே கொடுத்தாய்.

அதன்பிறகு எத்தனையோ கப்பல்கள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. வேம்பார் கோயிலில் உன் சவப்பெட்டிக்கு அருகே நின்றபோது என்னால் அழக்கூட முடியவில்லை. அப்புறம் உன் சீட்டில் நானே உட்கார்ந்து, உன்னைப் போல இடது கையாலேயே அடித்தேன். வேறு யாரும் உட்கார எனக்கு மனம் இல்லை.

புது மென்பொருளில் என்ன கோளாறு தெரியுமா? ஸ்கிரிப்ட் பழைய ஜன்னலின் பெயரையே தேடிக்கொண்டிருந்தது. பெயரை மாற்றினேன். அடுத்த வம்பு, எல்லாவற்றையும் நிறுத்த நாம் வைத்திருந்த எஸ்கேப் கீயை இவர்கள் ஜன்னலை மூட எடுத்துக்கொண்டார்கள். நிறுத்தும் கீயை டேப்புக்கு மேலே இருக்கும் கீக்கு நகர்த்தினேன். அதுவும் இடக்கைக்கு எட்டும். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

மென்பொருளை நிறுவ வந்தவர் பின்னால் நின்று, நான் இடது கையால் எண் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மேடம், உப்புக் கம்பெனி ஒண்ணுல ஒரு பொண்ணு, பக்கவாதம் வந்து வலது கை வரல. வேலைய விட்டு நிக்கப் போறேன்னு சொல்லுது. இத அங்கன போட்டுக் குடுக்கலாமா?”

“போடலாம். ஆனா நானே வாரேன்” என்றேன். அவர் அவளுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

நாம் செய்ததையெல்லாம் சொன்னேன். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “எனக்கு வருமாக்கா?”

நான் யோசிக்கவே இல்லை.

“வரும்ளா. வராம எங்க போவும்? நாளைக்குக் காலையில நான் அங்கன இருப்பேன்.”

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இப்படிப் பேசுகிற ஆள் நான் இல்லை. அது உன்னிடமிருந்து எனக்கு வந்தது.